ஒரு தட்டு என்றால் நிறுத்து

இது நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. அன்று என்னோடு இருந்த இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் இதையேதான் சொல்வார்கள். கடைசிப் பகுதியை மட்டும் சொல்ல மாட்டார்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல், நல்ல வெயில். நான் ஆஸ்திரேலியாவில் நான்கு வருடம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு, வேலையை விட்டு வந்தவன். எதைச் சொன்னாலும் தூக்கமில்லாத மூளை என்று தள்ளிவிடுவார்கள். அதனால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாள் எனக்கு லீவு. ஒன்பது மணி நேரம் தூங்கியிருந்தேன்.

என் பெயர் ஜீவானந்தம். போளூர். என்னோடு கிடங்கில் வேலை பார்த்தவன் பூவரசன். ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் அவன் ஊர். மூன்றாவது ஆள் ஹுசைஃபா, வாணியம்பாடி. தோல் வியாபாரக் குடும்பம். படிக்க வந்தவன் படிப்பை முடித்துவிட்டு, ஆசைக்காக விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான். லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன கிளப்பில் நாலு சீட் விமானத்தை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவான். நாம் இங்கே கார் எடுப்பதைப் போல.

பூவரசனின் அப்பா தாண்டவராயன் இது நடப்பதற்கு முந்தைய வருடம் இறந்து போனார். சாமையும் புளியும் தவிர வேறு உலகம் தெரியாத மனுஷன். கூச்ச சுபாவம். பஸ்ஸில் வரும்போது தன் ஊரில் நிறுத்தச் சொல்லக்கூட வாய் வராதாம். ஜமுனாமரத்தூர் வரை போய் இறங்கி, மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்து வீட்டுக்கு வருவாராம். இதைப் பூவரசன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவர் இறந்தபோது இவன் விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். போகவில்லை. காரியத்தை போனில் பார்த்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் இறந்தால் ஓடைக்கரையில் ஒரு கல்லை நட்டு, அந்தக் கல்தான் இறந்தவர் என்று வைத்து, மஞ்சள் பூசிச் சோறு படைப்பார்கள். காரியம் முடிகிற அன்று கல்லைத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆள் போய்விட்டார் என்று அர்த்தம்.

பூவரசன் அந்தக் கல்லைத் தண்ணீரில் விடாதீர்கள், நான் வந்து என் கையால் விடுகிறேன் என்றான். அவன் சித்தப்பா திட்டிவிட்டு போனை வைத்துவிட்டார். இவன் தங்கை கீதாஞ்சலியிடம் அழுதான். அடுத்த மாதம் கல் வந்து சேர்ந்தது. ஹுசைஃபாவின் அக்கா பத்ருன்னிசா வாணியம்பாடியிலிருந்து வரும்போது, தோல் சாம்பிள்களோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஏர்போர்ட்டில் கேட்டதற்கு பேப்பர் வெயிட் என்றாளாம். உள்ளங்கை அளவு கறுப்புக் கல். ஒரு பக்கம் மஞ்சள் கறை.

பதினொரு மாதம் அது அவன் அறை ஜன்னலில் இருந்தது. மூன்று முறை ஆற்றுக்கு எடுத்துப் போனான். மூன்று முறையும் திரும்ப எடுத்து வந்தான். விட முடியவில்லை என்றான். பகலில் தூங்க வேண்டியவன் தூங்காமல் கல்லைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிப்ரவரியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்டைச் சுவரில் ஏற்றினான். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை போகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேலை போனால் விசாவும் போகும்.

ஆக, அந்தக் கல் தண்ணீருக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் இவன் போய்விடுவான்.

யோசனை என்னுடையது. கடலுக்குக் காரில் போனால் நான்கு மணி நேரம். பாதியில் வண்டியைத் திருப்பச் சொல்வான். விமானத்தில் ஐம்பத்தைந்து நிமிடம். மேலே ஏறிவிட்டால் இறங்குகிறேன் என்று சொல்ல முடியாது.

போன வருடம் மார்ச் மாதம், ஒரு ஞாயிறு. காலை 10.05. கிளப் ஓடுபாதை என்பது புல்லுக்கு நடுவே ஒரு நீளமான தார்ப்பட்டை. சுற்றிலும் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல்வெளி. பூவரசன் விமானத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூணு பேரா கெளம்பக் கூடாதுடா."

இதுவும் எங்கள் பக்கத்து வழக்கம். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போனால் விளங்காது. அதனால் வழியில் ஒரு கல்லைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதை நாலாவது ஆளாகக் கணக்கு வைப்பார்கள். போகும்போது நான்கு பேர் என்றால் வரும்போதும் நான்கு பேர். அந்தக் கல்லை வழியில் போட்டுவிடக் கூடாது. கிளம்பிய இடத்துக்கே திரும்பக் கொண்டு வர வேண்டும்.

"அதான் உங்கப்பா கீறாரே. அவரு நாலாவது," என்றான் ஹுசைஃபா.

விளையாட்டாகத்தான் சொன்னான். பூவரசன் அதைப் பிடித்துக்கொண்டான். பையிலிருந்து கல்லை எடுத்துப் பின்சீட்டில் தன் பக்கத்தில் வைத்தான். "வாப்பா. போலாம்," என்றான்.

"பெல்ட் போடு மாமு. ரூல்ஸு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பூவரசன் கல்லின்மேல் பெல்ட்டைப் போட்டு, அது நகராதபடி கடைசிவரை இழுத்து இறுக்கினான். நான் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

அங்கேதான் தப்பு செய்தோம். அனுப்பிவைக்க வேண்டிய கல்லை வழித்துணைக்கும் கூப்பிட்டோம். ஒரே கல். அதைக் கடலிலும் விட வேண்டும், திரும்பவும் கூட்டி வர வேண்டும். இரண்டும் எப்படி நடக்கும் என்று மூன்று பேரில் ஒருவன்கூட யோசிக்கவில்லை.

10.20. ஹுசைஃபா எஞ்சினை முடுக்கினான். விமானம் நகரும் முன் பின்பக்கம் தகரத்தில் சத்தம்.

டக் டக்.

நம் ஊர் மினி பஸ்ஸில் தட்டுவார்களே, அதே மாதிரி. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. பூவரசன்தான் கிண்டலுக்குத் தட்டுகிறான் என்று நினைத்தேன். ஹுசைஃபாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். "ரைட் ரைட்," என்று சொல்லிக்கொண்டே கிளப்பினான்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. கடலோரம் இன்னொரு சின்ன ஓடுபாதை. 11.15க்கு இறங்கினோம். பூவரசன் பெல்ட்டைக் கழற்றிக் கல்லை எடுத்துக்கொண்டான். கடலுக்குள் நீண்டிருந்த ஒரு மரப்பாலத்தின் கடைசி வரை நடந்தோம். அங்கே ஒரு மணி நேரம் நின்றான். 12.40க்கு விட்டான். சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் எங்களைத் தாண்டி நடந்து போனான்.

பிறகு மீன் வறுவல் சாப்பிட்டோம். ஒரு வருடத்தில் அவன் முழுசாகச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வேலை முடிந்தது என்று தோன்றியது.

2.45. திரும்ப ஏறினோம். பூவரசன் பின்சீட்டில் உட்கார்ந்தவன் பக்கத்து சீட்டையே பார்த்தான். நானும் பார்த்தேன்.

கழற்றி விட்ட பெல்ட் பூட்டியிருந்தது.

காலையில் இருந்ததைப் போல இறுக்கமாக இல்லை. தளர்ந்து, வளைந்து நின்றது. ஓர் ஆள் உட்கார்ந்தால் இருக்கும் அளவு.

"நீ பூட்டுனியா?"

இல்லை என்று தலையாட்டினான். கழற்றப் போனவன், கையைப் பாதியில் எடுத்துக்கொண்டான். அப்படியே விட்டுவிட்டான்.

கிளம்பும் முன் கிளப்புக்கு போன் செய்ய வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எத்தனை பேர். ஹுசைஃபா பேசினான். அவன் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. நாலு பேர் என்றான்.

"நாலுன்னு சொன்னடா."

"மூணுன்னுதான் சொன்னேன்."

எதற்கு வாதம் என்று விட்டுவிட்டேன்.

2.52. எஞ்சின் ஓடியது.

டக் டக்.

நான் திரும்பிப் பார்த்தேன். பூவரசனின் இரண்டு கையும் மடியில் இருந்தன. அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தட்டினேனா என்று பார்த்திருக்கிறான்.

விமானம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. காலையைவிட அதிக தூரம். ஓடுபாதையின் கடைசி வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் தரையை விட்டது. காற்று மாறியிருக்கும் என்றான் ஹுசைஃபா. அவன் நெற்றியில் வியர்வை.

3.10. ஹெட்போனில் ஒரு சத்தம். காற்று. ஓடும் வண்டியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு போன் பேசினால் கேட்குமே... அந்தக் காற்று. யாருடைய மைக் என்று ஹுசைஃபா கேட்டான். நான் என் வயரைப் பிடுங்கினேன். பூவரசனும் பிடுங்கினான். திரும்பச் செருகிக் கேட்டோம். காற்று நிற்கவில்லை.

நாலாவது ஹெட்போன் பின்னால் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயர் எதிலும் செருகியிருக்கவில்லை.

3.24. வாடை.

பெட்ரோல் இல்லை. எஞ்சின் எண்ணெய் இல்லை. மலைப்பாதையில் இறங்கும் பஸ்ஸில் பிரேக் சூடானால் வருமே, அந்தக் கருகல். தரையிலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில்...

ஹுசைஃபா ஒவ்வொரு முள்ளாகப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ ஓதினான்.

பூவரசன் ஒரே ஒரு வார்த்தை பேசினான்.

"அப்பா?"

காற்று நின்றது. முழு அமைதி. எஞ்சின் சத்தம்கூட எங்கோ தள்ளிக் கேட்டது.

3.47. எங்கள் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. நேராக இறங்க ஆரம்பித்தோம். வெயில் எதிரே. கண் கூசியது.

ஐந்நூறு அடி.

முந்நூறு.

நூறு.

இருபது...

டக்.

ஒரு தட்டு.

காதில் கேட்கவில்லை. முதுகில் கேட்டது. சீட்டுக்குப் பின்னால், உள்ளங்கையால், பலமாக.

ஹுசைஃபா யோசிக்கவே இல்லை. வாணியம்பாடி மினி பஸ்களில் வளர்ந்த உடம்பு அது. கை தானாகவே எஞ்சினை முழுசாகத் திறந்தது. மூக்கைத் தூக்கினான்.

அப்போது பார்த்தேன்.

ஓடுபாதையின் குறுக்கே கங்காருகள். புல்லிலிருந்து குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தன. ஏழு எண்ணினேன். எங்கள் சக்கரத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே கடந்தன.

டக் டக்.

போ.

போனோம். சுற்றி வந்து 3.56க்கு இறங்கினோம்.

எஞ்சினை அணைத்தோம். பிறகு இறங்கினோம். கிளப்பின் கணக்கு நோட்டோடு ஒரு அம்மாள் வந்தார். எங்களை எண்ணினார். நான்கு பேர் என்று எழுதியிருக்கிறதே, இன்னொருவர் எங்கே என்று கேட்டார். ஹுசைஃபா தவறாகச் சொல்லிவிட்டேன் என்றான். அவர் அடித்து 3 என்று எழுதினார்.

காருக்கு நடக்கும்போது பூவரசன் சொன்னான்.

"எங்கப்பா தட்ட மாட்டாரேடா."

கொஞ்ச தூரம் போன பிறகு அவனே, "நமக்காகத் தட்டியிருப்பாரு," என்றான். அதையே நம்பினான். அன்று இரவு தூங்கினான். அதற்குப் பிறகு ஒழுங்காக வேலைக்குப் போனான். இன்றும் போகிறான்.

எனக்குத்தான் அதற்கப்புறம் அந்த வேலை பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் தெரியாது. மே மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பூவரசன் தங்கைக்கு ஒரு கைக்கடிகாரமும் சில துணிகளும் கொடுத்து அனுப்பியிருந்தான். கீதாஞ்சலி ஜமுனாமரத்தூரில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஜூன் மாதம் ஒரு செவ்வாய், காலை 11.30க்குப் போளூரில் பஸ் ஏறினேன். கூட்டம் இல்லை. கடைசி வரிசையில் நான் மட்டும். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். பர்ஸில் வைக்கும்போதுதான் கையைப் பார்த்தேன்.

இரண்டு டிக்கெட்.

எழுந்து போய்க் கேட்டேன். "நீதானே தம்பி ரெண்டு ஜமுனாமரத்தூர்னு கேட்ட?" என்றார். முன்னால் இருந்த ஒரு அம்மாளும் ஆமாம் என்றார்.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். நான் ஒன்று என்றுதான் சொன்னேன்.

பஸ் மலை ஏறியது. வளைவுகள் முடிந்து ஊர்கள் வர ஆரம்பித்தன. பூவரசன் ஊரைத் தாண்டி ஒரு வளைவு. கீழே ஓடை.

மணி 1.08.

டக்.

டிரைவர் நிறுத்தினார். முன்வாசலில் இறங்குவதற்கு யாரும் எழவில்லை. பின்வாசலிலும் யாரும் இல்லை. "யார்ரா தட்டுனது?" என்றார் கண்டக்டர். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் கண்ணாடி மட்டும்தான்.

ஓர் ஆள் இறங்கும் நேரம் போயிற்று.

டக் டக்.

டிரைவர் பழக்கத்தில் கியரைப் போட்டார். பஸ் நகர்ந்தது.

கீதாஞ்சலியின் கடையில் உட்கார்ந்தேன். டீ வாங்கிக் கொடுத்தாள். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். கல்லைக் கடலில் விட்டுவிட்டான், இப்போது நன்றாகத் தூங்குகிறான் என்றேன். விமானத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினாள். வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ணா, அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க. அது அப்பா கல்லு இல்ல."

"பின்ன?"

"அப்பா கல்ல சித்தப்பா அன்னிக்கே மடுவுல தூக்கிப் போட்டுட்டாரு. ஆழம். எடுக்க முடியல. அண்ணன் அழுதுச்சு, நான் இன்னா பண்றது? மஞ்சா இல்லன்னா நம்பாதே. கரையோரமா மஞ்சா போகாம ஒரு கல்லு கெடந்துச்சு. அத எடுத்துத் தொடச்சு அனுப்பிட்டேன்."

"யாரோட கல்லு அது?"

அண்ணன் கொடுத்தனுப்பிய கடிகாரத்தைக் கட்டிப் பார்த்தாள். கழற்றினாள்.

"அன்னிக்கு அங்க இன்னோரு காரியமும் நடந்துச்சு. மினி பஸ்ஸுல கிளீனரா இருந்தாரே தமிழ்மணின்னு ஒருத்தரு. வெளியூரு. வூட்டு ஆளுங்க ரெண்டு பேருதான் வந்திருந்தாங்க. அந்த வளைவுல எதுக்க லாரி வந்துச்சுன்னு டிரைவரு வண்டியப் பின்னால எடுத்திருக்காரு. இவரு எறங்கிப் பின்னால நின்னு பாத்திருக்காரு. ஓரத்துல மண்ணு சரிஞ்சிருச்சு. நிறுத்தச் சொல்லி ஒரு தட்டு தட்டியிருக்காரு..."

நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"டிரைவருக்குக் கேக்கலியாம்."

நான் டீயைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது. எந்த வளைவு என்று கேட்டேன். சொன்னாள். மத்தியானம் பஸ் நின்ற வளைவு.

பூவரசனிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். அவன் தூங்கட்டும்.

அன்று சாயங்காலமே போளூருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. ஜமுனாமரத்தூரிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டேன். ஏழு மாதம் ஆகிறது. இங்கேதான் இருக்கிறேன்.

1.08க்கு அந்த வளைவில் ஒரு தட்டு கேட்டது. நிறுத்த. பிறகு இரண்டு தட்டு. போக. தமிழ்மணி அங்கே இறங்கியிருந்தால் அந்த இரண்டு தட்டையும் யார் தட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பஸ்ஸுக்கு உள்ளே இருந்துதான் தட்ட வேண்டும்.

கீழே போக வேண்டும் என்றால் பஸ் ஏற வேண்டும். ஏறினால் கண்டக்டர் எத்தனை என்று கேட்பார்.

என் வாய் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது.